பெயர்ச்சீட்டு இல்லாத கல்

சென்ற ஆடி மாதம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா மஞ்சள் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு கல். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, விரல் தடிமன், நல்ல கறுப்பு. அதன்மேல் ஏதோ பூச்சி நசுங்கி ஒட்டிக்கொண்டது போல ஓர் உருவம்.

“தம்பி, அவரு பொட்டியில இருந்தது. நீ பிரெஞ்சு படிச்சவன், ஆபீசுல பழைய காயிதமா பாத்தவன். இது எந்த ஊர்க் கல்லுன்னு பாத்துச் சொல்லு” என்றார்.

அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. தெருவில் இன்றும் அவர் வீடு ‘சொல்தா வீடு’தான். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் புதுச்சேரிக்குத் திரும்பியவர். “பாலம் போடுற படை” என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும். திருமணமான மறு வருடமே கப்பல் ஏறியவர் எங்கெங்கே இருந்தார் என்பதை அவரும் சொன்னதில்லை, அக்காவும் கேட்டதில்லை. அந்தக் காலத்துச் சொல்தாக்கள் பலர் அப்படித்தான். குறிப்பாக அல்ஜீரியப் போருக்குப் போய் வந்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் ஒரு சதுரம் மட்டும் நிறம் வெளுத்திருந்தது, பசை ஒட்டிய அடையாளத்துடன். “அங்க ஒரு காயிதம் ஒட்டியிருந்துச்சு, நீல மசியில அவரு கையெழுத்து. தானே புயல்ல பொட்டிக்குள்ள தண்ணி பூந்து அது கரைஞ்சு போச்சு. நாப்பது வருஷம் துடைச்சு துடைச்சு வெச்சிருக்கேன், எனக்குத்தான் படிக்கத் தெரியலையே” என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. 2011 டிசம்பர் கடைசி வரை எதிர்வீட்டில் அந்தச் சீட்டு இருந்திருக்கிறது. நான் ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது வீட்டைப் பாகம் பிரித்து விற்கப் பேச்சு நடக்கிறது. பிரான்சில் இருக்கும் பெரிய மகன், “அந்தக் கல்லெல்லாம் எதுக்கும்மா, தூக்கிப் போடு” என்கிறானாம்.

முப்பத்து நான்கு வருடம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தவன் நான். எண் இல்லாத கோப்பு ஒன்று கிடைத்தால் என்ன செய்வோம்? உள்ளே இருக்கும் காகிதத்தின் ரகம், மசி, முத்திரை, குறிப்பு எழுதியவரின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எந்தப் பிரிவில் இருந்து வந்தது என்று முடிவு செய்வோம். கல்லுக்கும் அதே வழிதான் என்று துணிந்து ஒப்புக்கொண்டேன்.

உருவத்தை அடையாளம் காண்பது கடினமாக இல்லை. அது டிரைலோபைட். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து இயற்கை அறிவியல் புத்தகத்தில் ‘திரிலொபித்’ என்று படம் போட்டிருக்கும். கடலில் வாழ்ந்த கணுக்காலிகள். நண்டு, இறால், தேள் இவற்றுக்கெல்லாம் தூரத்து உறவு. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ‘மூன்று மடல்’ என்னும் பொருள்படும் அந்தப் பெயரைத் தலை, உடல், வால் என்ற மூன்றுக்கும் வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதுகு நெடுக நடுவே ஒரு மேடு, இரண்டு பக்கமும் இரண்டு சரிவுகள். இந்த மூன்றையும் வைத்துத்தான் ஜெர்மானியரான வால்ஹ் 1771-ல் அந்தப் பெயரைக் கொடுத்தார்.

அடுத்து, இது நம் பக்கத்துக் கல்லா என்ற கேள்வி. தெருவில் இரண்டு பேர் “திருவக்கரையில பொறுக்கியிருப்பாரு” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். திருவக்கரையில் இருப்பவை கல்லாகிப் போன மரங்கள். வழுதாவூர்ப் பக்கமும் அரியலூர்ப் பக்கமும் கிடைக்கும் கடல் எச்சங்கள் புகழ் பெற்றவைதான். புதுச்சேரிப் புதைபடிவங்களைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலும் பிரான்சிலும் எழுதினார்கள். ஆனால் அந்தப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. அவை படியத் தொடங்குமுன்பே டிரைலோபைட்டுகள் மறைந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் சின்ன வயதில் எழுதிய சிலேட்டுப் பலகைக்குப் பேர்போன மார்க்காபுரமோ நேர்மாறு. ஆந்திராவின் அந்தப் பாறை டிரைலோபைட் பிறப்பதற்கும் வெகு காலம் முந்தியது. ஆக ஒன்று மிகவும் இளையது, மற்றொன்று மிகவும் மூத்தது. இந்தியாவில் டிரைலோபைட் கிடைக்காமல் இல்லை. காஷ்மீரிலும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் உண்டு. ஆனால் சொல்தா அந்தப் பக்கம் போனவர் அல்லர்.

வெளிநாட்டுக் கல் என்றால் எந்த நாடு? இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

டிரைலோபைட்டை அடையாளம் காண ஒரு வசதி உண்டு. அதன் உடலின் நடுப்பகுதி அசையும் வளையங்களால் ஆனது. அவற்றை எண்ணினாலே குடும்பத்தை ஓரளவு பிடித்துவிடலாம். அசாபஸ் குடும்பம் என்றால் 8, பாகோப்ஸ் வகை என்றால் 11, கலிமீன் வகை என்றால் பெரும்பாலும் 13. வயதான கண்ணோடு, பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, விளக்கின் நேர் கீழே எண்ணினேன். 11 வந்தது. பாகோப்ஸ் வகை, டெவோனியன் காலம், அதாவது சுமார் 40 கோடி ஆண்டு, மொரோக்கோவிலும் அதை அடுத்த அல்ஜீரிய சகாராவிலும் ஏராளமாகக் கிடைப்பது. எல்லாம் பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று இரவே எதிர்வீட்டுக்குப் போய், “அக்கா, அல்ஜீரியாப் பக்கத்துக் கல்லு போல இருக்கு” என்றேன்.

அக்கா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அங்க எடுத்ததையா இத்தன வருஷம் அலமாரியில வெச்சிருந்தாரு?” என்றார். அவ்வளவுதான். அதன்பின் நான்கைந்து நாள் அவர் திண்ணைப் பக்கம் வரவே இல்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். “வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து எண்ணினீர்களா? கண் எங்கே?”

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பாகோப்ஸ் என்றால் கண்தான் முதல் அடையாளம். தலையின் இருபுறமும் புடைத்துக்கொண்டு, தனித்தனி வில்லைகள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்படி இருக்கும். தலையின் நடு மேடு முன்பக்கம் போகப் போக அகலும். என் கல்லில் கண் இருந்த இடத்தில் ஒரு சிறு முண்டு மட்டுமே. நடு மேடோ முன்னோக்கிக் குறுகிக்கொண்டு போயிற்று, இருபக்கமும் சாய்ந்த வெட்டுகளுடன். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்க வைத்து மறுபடி எண்ணினேன். நிழல் விழுந்ததும் வளையங்கள் எழுந்து நின்றன. 13. கடைசி இரண்டு வளையங்களை வால் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். வாலிலும் கோடுகள் உண்டு, ஆனால் அவை ஒன்றாக ஒட்டிப் போனவை. உடல் வளையம் ஒவ்வொன்றுக்கும் தனி விளிம்பு இருக்கும். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் 13.

ஆக, கலிமீன் வகை. இனி கல்லின் சாட்சி. கலிமீன் வகையில் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் டட்லி நகரத்துப் பூச்சி. அந்த ஊரின் சின்னத்திலேயே இடம்பெற்றது. அது சுண்ணாம்புக் கல்லில் கிடப்பது. ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. மொரோக்கோவிலிருந்து கடைகளுக்கு வரும் கலிமீன் வகை, பழுப்பு உருண்டைக் கற்களில் இருக்கும். அக்காவின் கல்லோ ஓரத்தில் தாள் தாளாக இதழ் பிரியும் கறுப்புக் கல், ஆங்காங்கே பொன்துகள் போல மின்னும் இரும்பு சல்பைடு. விரல் நகத்தால் தட்டினால் ‘டிங்’ என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் நாங்கள் ‘ஆர்துவாஸ்’ என்று சொல்லக் கற்ற பலகையின் சத்தம். சிலேட்டுக் கல்.

சிலேட்டுக் கல்லில் டிரைலோபைட் என்றதும் பிரான்சில் நினைவுக்கு வரவேண்டிய ஊர் ஒன்று உண்டு: லுவார் நதிக்கு அருகிலுள்ள ஆன்ழே. ஊரையொட்டிய த்ரெலாஸே சுரங்கங்களிலிருந்து வெட்டிய கறுப்புச் சிலேட்டுதான் லுவார்க் கரை மாளிகைகளின் கூரைகளில் இருக்கிறது. கல்லின் நிறத்தால் ஆன்ழேக்கே ‘கறுப்பு நகரம்’ என்று ஒரு பெயர். பல நூற்றாண்டுகள் நடந்த அந்தத் தொழில் 2013-ல் நின்றுவிட்டது. கூரைக்காகக் கல்லை இதழ் இதழாகப் பிளக்கும் தொழிலாளிகளின் உளிக்கு முன்னால்தான் இந்தப் பூச்சிகள் முதலில் வெளிப்பட்டன.

அவற்றைப் பற்றி முதலில் ஒழுங்காக எழுதியவர் ழான்-எத்தியென் கெத்தார். 1746-லேயே பிரான்சின் பாறை, தாது இவற்றுக்கு வரைபடம் போட்டவர். ஓவெர்ஞ் மலைகள் அணைந்துபோன எரிமலைகள் என்று கண்டவர். பின்னாளில் லவுவாசியே என்ற இளைஞரைத் தம்முடன் அழைத்துக்கொண்டு கல் பார்க்கப் போனவர். அந்த இளைஞர்தான் நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவுவாசியே. கெத்தார் 1757-ல் ஆன்ழே சிலேட்டுச் சுரங்கங்களைப் பற்றிப் பாரிஸ் அறிவியல் அக்காதெமிக்கு எழுதிய கட்டுரையில் இந்த உருவங்களைப் படம் போட்டு, இவை நண்டு, இறால் வகையைச் சேர்ந்தவை என்றார். இதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், 1698-ல், வேல்ஸ் நாட்டு எட்வர்ட் லூயிட் லாண்டைலோ என்ற ஊரில் கிடைத்த டிரைலோபைட்டை வரைந்து, ஒரு தட்டை மீனின் எலும்புக்கூடு என்று எழுதினார். கெட்டிக்கார மனிதர்தான். ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாத பொருளைப் பார்த்தால் நமக்குத் தெரிந்த பொருளின் சாயல்தான் முதலில் கண்ணில் படும். நான் அல்ஜீரியாவைப் பார்த்தது போல.

கெத்தாருக்குப் பிறகு அலெக்ஸாந்த்ரு ப்ரோன்ஞார் வருகிறார். இவர் உத்தியோகத்தில் ஸெவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் இயக்குநர். 1800 முதல் 1847-ல் இறக்கும் வரை அந்த ஒரே நாற்காலி. அலுவலக நேரம் போக மீதியில் கல் ஆராய்ச்சி. குவியேயுடன் சேர்ந்து பாரிஸைச் சுற்றியுள்ள பாறை அடுக்குகளை, அவற்றில் கிடக்கும் சிப்பிகளை வைத்தே வரிசைப்படுத்தியவர். 1822-ல் தெமாரே என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் டிரைலோபைட் பகுதி இவருடையது. அதுவரை ‘கல்லில் பூச்சி’ என்று பொதுவாகச் சொல்லிவந்ததைக் கலிமீன், அசாபஸ், ஒகிஜியா, பாரடாக்சைட்ஸ், அக்னோஸ்டஸ் என்று ஐந்து பேரினங்களாகப் பிரித்தார். புத்தகத்தின் தலைப்பிலேயே ‘விலங்கியல் நோக்கிலும் புவியியல் நோக்கிலும்’ என்று சேர்த்திருந்தார். அதாவது இது என்ன உயிர் என்பதோடு வேலை முடியவில்லை, எந்தப் பாறையிலிருந்து வந்தது என்றும் சொல்லியாக வேண்டும். ஆன்ழேயின் ஒரு பூச்சிக்கு கெத்தாரின் பெயரையே வைத்தார். மேற்கு பிரான்சில் கிடைத்த கலிமீன் ஒன்றுக்குத் த்ரிஸ்தான் என்பவரின் பெயரால் ‘கலிமீன் டிரிஸ்டானி’ என்று பெயரிட்டார். இன்று அதை ‘நெசூரீட்டஸ் டிரிஸ்டானி’ என்கிறார்கள். பதின்மூன்று வளையம், சிறிய கண், முன்னோக்கிக் குறுகும் தலைமேடு. என் மேசைமேல் கிடந்தது அதுதான் என்று நான் முடிவுக்கு வந்தது இந்த இடத்தில்.

ப்ரோன்ஞாரின் படத்தோடு ஒப்பிட்டபோது ஒரு சந்தேகம் வந்தது. படத்தில் இருப்பதைவிட அக்காவின் பூச்சி ஒல்லியாக, ஒருபுறம் இழுத்துவிட்டது போல் கோணலாக இருந்தது. வேறு இனமோ? இதற்கும் சிலேட்டுதான் காரணம். சிலேட்டு முதலில் கடலடிச் சேறு. சேறு களிக்கல்லாகி, பிறகு சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் அந்தப் பகுதியில் மலைகள் எழுந்தபோது பக்கவாட்டில் நசுங்கியது. நசுங்கியபோதுதான் தாள் தாளாகப் பிளக்கும் குணம் வந்தது. உள்ளே இருந்த பூச்சியும் சேர்ந்தே நசுங்கியது. இழுபட்ட திசையில் நீளவாக்கில் கிடந்தது ஒல்லியாயிற்று. குறுக்கே கிடந்தது குட்டையாகி அகன்றது. சாய்ந்து கிடந்தது கோணலாயிற்று. ஒரே இனத்தை இப்படி இரண்டு மூன்று இனங்களாக எண்ணிப் பெயர் வைத்த பழைய அறிஞர்கள் உண்டு. நீள அகலம் ஏமாற்றும். வளையங்களின் எண்ணிக்கையை எந்த மலையும் மாற்ற முடியாது. குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி உண்டா?

மூன்றாவதாக ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. ப்ரெத்தாஞ் பகுதியின் ரென் நகரத்து மரி ரூவோ. மரி என்று பெயர் இருந்தாலும் ஆண்தான். ஆடு மேய்த்துத் தொடங்கி, நகரத்துக்கு வந்து முடி திருத்தும் தொழில் செய்தவர். ஊரைச் சுற்றியுள்ள கறுப்புக் கற்களில் பூச்சி தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. 1847-ல் அவர் பெயரிட்ட டிரைலோபைட்டுகள் இன்றும் ஆய்வு நூல்களில் அவர் பெயரோடு நிற்கின்றன. கடைசியில் அந்த நகரத்துப் புவியியல் அருங்காட்சியகத்துக்கே அவரைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். ரென் நகரத்துக்குத் தெற்கே அவர் தேடிய கறுப்புக் கல்லும் ஆன்ழேயின் சிலேட்டும் ஒரே பாறைத் தொகுதி. அதனால்தான் பிரெஞ்சுப் புவியியலார் இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து ‘ஆன்ழே-த்ராவ்யூஸோ தொகுதி’ என்கிறார்கள். அதற்கு அடியில் ‘ஆர்மோரிக்க மணற்கல்’ என்ற வெள்ளைப் பாறை. கறுப்புத் தொகுதியின் காலம் நடு ஆர்டோவிசியன், சுமார் 46 கோடி ஆண்டு. அல்ஜீரியா என்று நான் சொன்ன டெவோனியனுக்கு ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டு முந்தியது.

இத்துடன் கோப்பை மூடிவிடலாமா? நண்பர் மறுபடி பிரேக் போட்டார். நெசூரீட்டஸ் டிரிஸ்டானி பிரான்சுக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்பெயினில் தொலேதோ மலைகளில் உண்டு, போர்த்துகலிலும் உண்டு. போர்த்துகலின் அரோக்கா பக்கம் சிலேட்டுச் சுரங்கத்தில் ராட்சத டிரைலோபைட்டுகளே கிடைக்கின்றன. காரணம், 46 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலங்கள் எல்லாம் தென் துருவத்துக்கு அருகே, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில், ஒரே குளிர்ந்த ஆழமில்லாத கடலின் கீழ் இருந்தன. இந்தியாவும் அதே கோண்டுவானாவின் ஒரு துண்டுதான், ஆனால் அந்தக் கடலிலிருந்து வெகுதூரத்தில். ஆகவே பூச்சி நமக்குச் சொல்வது கடலையும் காலத்தையும். எந்த ஊர்ச் சுரங்கம் என்பதைக் கல் கொஞ்சம் சொல்லும். மீதியைப் பெயர்ச்சீட்டுதான் சொல்ல வேண்டும்.

கல் சொன்ன கொஞ்சம் இது. கூரைக்குப் பிளக்கக்கூடிய அளவுக்கு மெல்லிய இதழ், பூச்சி கிடக்கும் தளமும் பிளவுத் தளமும் ஒன்றாக இருப்பது, பொன் துகள். இவை ஆன்ழேக்கு நன்றாகப் பொருந்துகின்றன. இதோடு ஒரு வெளிச் சாட்சியும் உண்டு. அக்கா முதல் நாளே சொன்ன ‘பாலம் போடுற படை’ என்பது பிரெஞ்சில் ‘ழெனி’, ராணுவத்தின் பொறியியல் பிரிவு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்தப் பிரிவின் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஊர் ஆன்ழே. சொல்தா அங்கே போனார் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. போயிருக்கக் காரணம் உண்டு என்பதற்கு மட்டும் ஆதாரம்.

இந்த நாட்களில் ஒரு பழைய செய்தியும் படித்தேன். பிரான்சின் யோன் மாவட்டத்தில் ஆர்சி-ஸூர்-க்யூர் என்ற ஊரில் ஒரு குகை இருக்கிறது. 1886-ல் மருத்துவர் ஃபிகாத்தியே அங்கே தோண்டியபோது, கற்கால மனிதர்கள் விட்டுப்போன பொருட்களுக்கிடையே ஒரு டிரைலோபைட் கிடைத்தது. கோத்து அணிவதற்காக அதில் இரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். குகையின் பெயரே இன்று ‘திரிலொபித் குகை’. அந்தக் குகை இருப்பதோ ஜுராசிக் சுண்ணாம்புப் பாறையில். டிரைலோபைட் இருக்கவே முடியாத, மிகவும் பிந்தைய பாறை. ஆக யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்தது. அணிந்தவர் போய்ப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவருக்கும் அது எந்த ஊர்க் கல் என்று தெரிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லியிருப்பார். எழுதி வைக்க வழியில்லை.

அக்காவிடம் திரும்பப் போவதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. போய் உட்கார்ந்ததும், “அக்கா, நான் முன்னாடி சொன்னது தப்பு. சரியா எண்ணல. இது அல்ஜீரியாக் கல்லு இல்ல. பிரான்சுலயே ஆன்ழேன்னு ஒரு ஊர்ப் பக்கத்துக் கல்லா இருக்க நிறைய வாய்ப்பு. அங்க வீட்டுக் கூரையெல்லாம் இந்தக் கறுப்பு சிலேட்டுதான்” என்றேன்.

அக்கா கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “சின்னவன் பள்ளிக்கூடத்துல சிலேட்ட ஒடச்சிட்டு வந்து அழுதான். அப்ப இவரு சிரிச்சிக்கிட்டே, ‘இத ஊரு பூரா கூரையில போட்டு வெச்சிருக்கானுங்க, நான் பாத்திருக்கேன்’னு சொன்னாரு. மழை பெஞ்சா கூரை கண்ணாடி மாதிரி மின்னும்னாரு” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பழைய பழக்கமும் விடவில்லை. கூரையைப் பற்றி நான் வாயைத் திறந்த பிறகுதான் அக்காவுக்கு இது நினைவு வந்தது. கேள்வி கேட்பவனே பதிலை எடுத்துக் கொடுத்தால் அந்தச் சாட்சியத்துக்கு எடை குறைவு. முதல் தடவை அல்ஜீரியா என்று சொன்னதற்குப் பதிலாகச் சும்மா “அவர் ஊர்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?” என்று கேட்டிருந்தால், இதே வார்த்தைகளுக்கு முழு மதிப்பு இருந்திருக்கும். இதை அக்காவிடமும் சொன்னேன். “நீ எழுதறத எழுதிக்க. எனக்கு நல்லா நெனப்பிருக்கு” என்றார்.

வெளுத்த சதுரத்தின் அளவுக்கே கெட்டி அட்டை வெட்டி, தண்ணீர்பட்டால் கரையாத மசியில், இந்தத் தடவை தமிழில் எழுதினேன். இடம் போதாமல் இரண்டாவது அட்டையும் வேண்டியிருந்தது.

‘டிரைலோபைட். நெசூரீட்டஸ் டிரிஸ்டானி. வளையம் 13. நடு ஆர்டோவிசியன், சுமார் 46 கோடி ஆண்டு. பாறை: ஆன்ழே-த்ராவ்யூஸோ தொகுதி (கல்லை வைத்துச் செய்த ஊகம்). எடுத்த இடம், தேதி: சீட்டு அழிந்துவிட்டது.’

இரண்டாவது அட்டையில், ‘கொண்டுவந்தவர்’ என்று போட்டு அவர் பெயர். ‘கூரை பற்றிச் சொன்னது: மனைவியின் நினைவு, ஊகம் தெரிவிக்கப்பட்ட பின் கூறியது’ என்று அதற்குக் கீழே. அக்கா இரண்டையும் படித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரியைக் கேட்டதும், “தொடச்சி வெச்சவங்க பேரு எங்க?” என்றார்.

அதையும் சேர்த்தேன்.

உங்கள் வீட்டிலும் அலமாரியில் பெயர் எழுதாத பொருள் ஒன்றிரண்டு இருக்கும். கொண்டுவந்தவர் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், இன்று சாயங்காலமே போய்க் கேளுங்கள். நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காமல், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தேதியும் போடுங்கள்.